அரைக்காலும் அரையே காலும்: நடுநிலை வகுப்புகளில் பின்னமும் தசமமும்

முன்னுரை

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே கலங்கும் மாணவர் பலரை நாம் காண்கிறோம். அக்கலக்கம் எந்த வகுப்பில் தொடங்கியது என்று வினவினால், அவருள் பலர் ஆறாம், ஏழாம் வகுப்புகளையே சுட்டுவர். முழு எண்களோடு இணக்கமாக நடந்து வந்த பிள்ளை, பின்னம் என்னும் வாய்க்காலின் கரையில் நின்றுவிடுகிறது. அதனைத் தாண்டாத பிள்ளைக்கு விகிதமும் வட்டியும் இயற்கணிதமும் அக்கரைப் பச்சையாகவே இருந்துவிடுகின்றன.

தமிழ்த்துறை மலரில் கணக்குப் பாடத்திற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். பின்னத்தைத் திறக்கும் திறவுகோல் ஒன்று தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது என்பதே நமது விடை. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகாமில் கண்ட மூன்று பிழைகள்

நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்பொருட்டு மேலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் ஏழு நாள் தங்கியிருந்தோம். பெரியாற்றுக் கால்வாய் நீரால் நெல்லும் கரும்பும் விளையும் ஊர். பகலில் கண்மாய்க்கரைப் பணி. மாலையில் ஆறு முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகளுக்குப் பாடம். பின்னத்திலும் தசமத்திலும் அவர்கள் செய்த பிழைகள் பலவாயினும் அவற்றை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதலாவது, 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுவது. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுகிறார்கள். இரண்டாவது, 0.6 ஐவிட 0.45 பெரியது என்பது. ஆறைவிட நாற்பத்தைந்து பெரிதுதானே என்பது அவர்கள் வாதம். மூன்றாவது, 0.5 ஐ 0.25 ஆல் பெருக்கினால் 0.125 வருகிறது என்பதை நம்ப மறுப்பது. “பெருக்கினால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைகிறது?” என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. விதியைச் சொல்லி அவள் வாயை அடைப்பது எளிது. விளங்க வைப்பதே ஆசிரியர் கடமை.

இம்மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றே. பின்னத்தைப் பிள்ளைகள் ஓர் அளவாகக் காண்பதில்லை. கோட்டுக்கு மேல் ஓர் எண், கீழே ஓர் எண் என இரண்டு எண்களாகக் காண்கிறார்கள். தசமத்தையும் அவ்வாறே புள்ளிக்கு இப்பால் ஓர் எண், அப்பால் ஓர் எண் என்று பார்க்கிறார்கள். எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று என்ற வினா அவர்கள் மனத்தில் எழுவதே இல்லை.

சொல்லுக்குள் கணக்கு

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக இருந்த காலத்தில் பின்னங்களுக்கு வாய்பாடு மட்டுமன்றிப் பெயரும் இருந்தது. முக்கால், அரை, கால் ஆகியவை இன்றும் நம் நாவில் உள்ளன. அவற்றின் கீழே அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16) என ஒரு வரிசை. நாலுமா (1/5), இருமா (1/10), மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என மற்றொரு வரிசை.

இப்பெயர்களை உற்று நோக்கினால் அவை வெறும் பெயர்கள் அல்ல, முடித்து வைத்த கணக்குகள் என்பது புலனாகும். அரைக்கால் என்பது காலில் அரை. அதாவது 1/2 ஐ 1/4 ஆல் பெருக்கிய விடை. மாகாணி என்பதை உம்மைத்தொகையாக விரித்தால் மாவும் காணியும். 1/20 உடன் 1/80 ஐக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயரே கூட்டல்.

கூட்டலை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நம் முன்னோர் ஏகாரத்தை இட்டனர். காலே அரைக்கால் என்றால் காலும் அரைக்காலும் சேர்ந்த 3/8. தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் ஐந்து பொருள்களுள் எண்ணுப் பொருளும் ஒன்று. இந்த எண்ணேகாரமே கூட்டல் குறியாக நின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில், ஊர்களின் நில அளவு முந்திரிக்கும் கீழான நுண்பகுதிவரை இத்தகைய ஏகாரத் தொடர்களாலேயே குறிக்கப்பட்டுள்ளது.

இலக்கணம் கணக்குக்கு உதவும் இடம் இதுவே. ‘அரையே கால்’ என்றால் கூட்டல், விடை முக்கால். ‘அரைக்கால்’ என்றால் பெருக்கல். விடை எட்டில் ஒன்று. ஓர் ஏகாரம் இருப்பதும் மறைவதும் விடையை ஆறு மடங்கு மாற்றிவிடுகிறது. அன்று கேள்வி கேட்ட சிறுமியிடம் இவ்விரு தொடர்களையும் சொல்லச் சொன்னோம். காலில் பாதி எடுத்தால் காலைவிடக் குறையத்தானே செய்யும் என்று அவளே சொன்னாள். அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125. பெருக்கினால் எப்போதும் கூடும் என்ற மயக்கம் அங்கே தீர்ந்தது. ஒன்றைவிடக் குறைந்த பின்னத்தால் பெருக்குவது ஒரு பங்கை எடுப்பதேயாகும்.

பொது அளவு

வேற்றினப் பின்னங்களைக் கூட்ட மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும் என்பது பாடநூல் விதி. ஏன் காண வேண்டும் என்பதற்கும் முந்திரி விடை சொல்கிறது. கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. காலையும் மாவையும் கூட்ட வேண்டுமா? 80 முந்திரியும் 16 முந்திரியும் 96 முந்திரி. 320இல் 96 என்பதைச் சுருக்கினால் 3/10. பதினாறின் வரிசையும் இருபதின் வரிசையும் முதலில் சந்திக்கும் இடம் எண்பது; அவற்றின் பெருக்கமாகிய முந்நூற்றிருபதும் அவ்விரண்டிற்கும் பொது மடங்கே. வேறு வேறு அளவுகளை ஒரே சிற்றளவால் எண்ணுவதே பொதுப்பகுதி காண்பதன் பொருள். ரூபாயையும் காசையும் கூட்டும்போது எல்லாவற்றையும் காசாக மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு இது புதிதன்று.

ஆயினும் முந்திரியால் எல்லாப் பின்னத்தையும் அளந்துவிட முடியாது. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆதலின் மூன்றில் ஒன்றுக்கு வேறு பொது அளவு தேவை. இசுலாமியப் பாகப்பிரிவினையில் வரும் பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்பன. இவை அனைத்தையும் மீதியின்றி அளக்கும் மிகச் சிறிய எண் 24. சொத்தை இருபத்து நான்கு பங்காக எண்ணிக்கொண்டால் அரை என்பது 12 பங்கு, மூன்றில் ஒன்று 8 பங்கு, எட்டில் ஒன்று 3 பங்கு. முன்னர்க் கண்ட 1/2, 1/3 கூட்டலை இதில் இட்டுப் பார்த்தால் 12 உம் 8 உம் 20. 20/24 என்பது 5/6. பின்னங்களுக்கு ஏற்பப் பொது அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை மாணவர் இங்கே உணர்வர்.

நூறு கட்டத்து வயல்

தசமத்திற்கு வருவோம். ஒரு ஏக்கர் நூறு சென்ட் என்பது மேலூர் வட்டாரப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டுப் பழகிய செய்தி. தரையில் சுண்ணக்கட்டியால் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் வரைந்து, இது ஒரு ஏக்கர் வயல், ஒவ்வொரு கட்டமும் ஒரு சென்ட் என்றோம். ஒரு வரிசை 0.1, ஒரு கட்டம் 0.01. 0.6 ஏக்கர் என்பது ஆறு வரிசை, அறுபது சென்ட். 0.45 ஏக்கர் நான்கு வரிசையும் ஐந்து கட்டமும், நாற்பத்தைந்து சென்ட். எது பெரிது என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

அதே வயலில் முதற்பிழையையும் சோதித்தோம். அரை ஏக்கர் ஐம்பது சென்ட். அதனோடு மூன்றில் ஒரு ஏக்கர் சேர்த்தால் 2/5 ஏக்கர் என்று எழுதிய மாணவனிடம், 2/5 ஏக்கர் எத்தனை சென்ட் என்று கேட்டோம். நாற்பது என்றான். ஐம்பது சென்ட் வைத்திருந்தவன் மேலும் நிலம் வாங்கினான். வாங்கிய பின் நாற்பது சென்ட் ஆயிற்றா? மாணவர் அனைவரும் சிரித்தனர், எழுதியவனும் சிரித்தான். தன் பிழையைத் தானே கண்டு சிரிக்கும் பிள்ளை அதனை மீண்டும் செய்வது அரிது.

பெருக்கலையும் இக்கட்டமே விளக்கும். நீளத்தில் 0.3, அகலத்தில் 0.4 அளந்தால் உள்ளே அகப்படுபவை பன்னிரண்டு கட்டங்கள். ஆகவே விடை 0.12. பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் நூறில் ஒன்று. தசம இடங்களை எண்ணிப் புள்ளி வைக்கும் விதி இதிலிருந்தே பிறந்தது.

தசமத்தின் வரலாறும் பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கும். இந்திய எண்முறை அரபு நாடுகளுக்குச் சென்றது. டமாஸ்கஸ் நகரில் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் அல் உக்லீதிஸி இந்தியக் கணக்கு முறை பற்றி எழுதிய அரபு நூலில் தசமப் பின்னம் இடம்பெற்றது. 1427இல் அல் காஷி அதனை விரிவாக்கினார். 1585இல் சைமன் ஸ்டெவின் ஐரோப்பாவில் அதனைப் பரப்பினார். நம் நாட்டு நாணயத்திற்கு 1957 ஏப்ரல் 1ஆம் நாள் அது வந்து சேர்ந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா; ஓரணா ரூபாயில் மாகாணி. புதிய கணக்கில் அது 6.25 காசு, அதாவது 0.0625 ரூபாய். 25 காசு நாணயம் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமற் போயிற்று. ஆயினும் நாலணா என்ற சொல்லைப் பெரியவர்கள் விடவில்லை. 1/16 ஐத் தசமமாக்கும் பயிற்சிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

வகுத்தல்

வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியை மாணவர் மந்திரம்போல் ஓதுகின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். வகுத்தல் என்பது இதற்குள் அது எத்தனை முறை அடங்கும் என்னும் கேள்வி. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. முக்கால் படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம்? 3/4 ஐ 1/8 ஆல் வகுக்கும் கணக்கு இதுதான். ஒரு படிக்கு எட்டு முறையெனில் முக்கால் படிக்கு எட்டில் முக்கால், ஆறு முறை. எட்டில் ஒன்றால் வகுப்பது எட்டால் பெருக்குவதாக மாறிய காரணம் இப்போது வெளிப்படை. 1.5 லிட்டர் பாலை 0.25 லிட்டர் குவளையில் ஊற்றினாலும் ஆறு குவளையே. படியும் ஆழாக்கும் இன்று அருகிவிட்டன. எனினும் பாலும் குவளையும் எல்லா வீட்டிலும் உள்ளன.

பழைய அளவைகளை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்தன்று. முந்திரி வாய்பாட்டை இன்றைய பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதியைக் கற்பிக்குமுன் அளவைக் காட்டுக. விடையை எழுதுமுன் அது அரைக்கு மேலா, கீழா என்று மதிப்பிடச் சொல்லுக. நாம் வேண்டுவது இவ்விரண்டே.

முடிவுரை

முகாமின் இறுதி நாள் மாலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை தம் நிலப் பட்டாவுடன் வந்தார். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அளவில் இருக்கும். ஓர் ஏர் ஹெக்டேரில் நூறில் ஒன்று; ஏறத்தாழ 2.47 சென்ட். அவர் பட்டாவில் 0.30.50 என்றிருந்தது; அதாவது 30.5 ஏர். அது எத்தனை சென்ட் என்பது அவர் வினா. மகனையே போடச் சொன்னோம். அவன் 305 ஐ 247 ஆல் பெருக்கி 75335 என்று எழுதிவிட்டுப் புள்ளியை எங்கே வைப்பதென்று தயங்கினான். விதியை நாம் சொல்லவில்லை. முப்பதை இரண்டரையால் பெருக்கினால் என்ன வரும் என்று மட்டும் கேட்டோம். எழுபத்தைந்து என்றவன், 75.335 என்று புள்ளி வைத்தான்.

“அப்பா, எழுபத்தஞ்சு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட” என்றான்.

“முக்கா ஏக்கர்னுதானே உங்க தாத்தா சொல்லுவாரு” என்றார் தந்தை.

பாட்டன் சொன்ன முக்காலும் பட்டாவில் உள்ள தசமமும் ஒரே நிலத்தின் இரு பெயர்கள் என்பதை அச்சிறுவன் அன்று கண்டான். புள்ளி ஓரிடம் தள்ளியிருந்தால் முக்கால் ஏக்கர் ஏழரை ஏக்கராகவோ ஏழரை சென்ட்டாகவோ மாறியிருக்கும். எழுத்தறிந்தும் பின்னம் அறியாதவன் தன் நிலத்திற்கும் கூலிக்கும் கடனுக்கும் பிறர் சொல்லும் கணக்கையே நம்பி நிற்க வேண்டும். அந்நிலை நம் பிள்ளைகளுக்கு வாராதிருக்க, கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பறையில் கைகோத்து நிற்பார்களாக.