டிஸ்க்கைக் கழற்றும் முன் கரண்டைப் பாருங்கள்

கொல்லிமலையின் செம்மேட்டிலோ வளப்பூர் நாட்டிலோ கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அங்கிருந்து நாமக்கல் போக வேண்டும். அங்கே போனபின் "வயர் லூஸ், அவ்வளவுதான்" என்றால் ஒரு நாள் வேலை வீண். ஆகவே இறங்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மேசைக் கணினியின் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஓடும்போது சுமார் 5 முதல் 8 வாட்தான் எடுக்கும். தட்டுகள் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 20 வாட்டைத் தாண்டும். ஏற்றத்தில் நின்ற லாரி மறுபடி கிளம்புவதைப் போலத்தான். பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். களைத்துப்போயிருந்தால் அந்த நேரத்தில்தான் கைவிடும். பழியோ டிஸ்க்கின் மேல் விழும்.

1. பிளக்கில் தொடங்குங்கள். யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். அறையில் பல்பு மங்கி எரிந்தால் வோல்டேஜ் குறைவு. கணினியைத் திறக்கவே வேண்டாம்.

2. சுமையைக் குறையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். டிஸ்க், டிவிடி டிரைவ் இரண்டின் வயர்களையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ரேமோடு ஓடவிடுங்கள். திரை வந்தால், எடுத்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் நிற்கிறதோ, பழுது அந்த வழியில் இருக்கிறது.

3. அளந்து பாருங்கள். உபரியாகத் தொங்கும் நான்கு ஊசி இணைப்பில் மல்டிமீட்டரை வையுங்கள். கருப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கருப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். டிஸ்க் கிளம்பும்போது இதற்குக் கீழே சரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

4. காது கொடுங்கள். டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழன்றால் முதலில் மின்சாரத்தையும் வயரையும் சந்தேகியுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் 'டக் டக்' என்று சீராகத் தட்டினால் படிக்கும் முனையில் கோளாறு. உடனே நிறுத்துங்கள், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழலாம்.

5. வெளியே செருகும் டிஸ்க்குக்குத் தனிக் கவனம் வேண்டும். 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டிலேயே ஓடும். ஆனால் கிளம்பும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். யு.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான், 3.0 என்றால் 900. நீளமான கேபிளை விட்டுவிட்டு, குட்டைக் கேபிளில் நீல நிற 3.0 துளையிலோ பெட்டியின் பின்பக்கத் துளையிலோ செருகுங்கள்.

6. டிஸ்க் எழுந்துவிட்டால் முதல் வேலை, வேண்டிய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுப்பது. பிறகு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார் எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் ஆயுள் முடிகிறது. சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

"மலை உயரம்தான் டிஸ்க்கைக் கெடுக்கிறது" என்ற பேச்சை நம்பாதீர்கள். படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. கொல்லிமலை 1,300 மீட்டர் அளவுதான். இங்கே அஞ்ச வேண்டியது மூடுபனியின் ஈரத்துக்கும் இடிக்கும். குளிரில் கிடந்த டிஸ்க்கை அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, ஈரம் காய்ந்த பிறகே ஓடவிடுங்கள். இடி முழங்கினால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு டிஸ்க்தான் குற்றவாளி என்றால், அதை மட்டும் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.