ஆட்டுத்தோல் ஓநாயை அடையாளம் சொல்லும் முறை

சித்தூரிலும் திருப்பதியிலும் இல்லத்தில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பாடசாலையில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள், கபடஸ்தர்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'உல்ஃப் இன் ஷீப்ஸ் கிளோதிங்' என்ற தொடரை, அதாவது ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்பதைக் கற்ற மாத்திரத்தில், கடுமையான ஆசிரியர் முதல் கடன் கொடுக்க மறுத்த சிநேகிதன் வரை தமக்குப் பிடிக்காத எல்லோர் மீதும் பிரயோகித்துவிடுகிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில் போலித் தீர்க்கதரிசிகளைக் குறித்து எழுந்த அந்த வாசகம் அத்தனை மலிவான சரக்கன்று.

ஆகையால் முதலில் வேண்டுவது பரிசோதனை. வெளியே சாதுவின் வேஷம், உள்ளே தீங்கு செய்யும் சங்கற்பம், இவ்விரண்டும் நிச்சயப்பட்டாலொழிய இத்தொடரைத் தொடலாகாது. திருப்பதி பஸ் நிலையத்தருகே, நெற்றியில் திருநாமம் துலங்க, "சாமி, நீங்களும் நம்ம தமிழா?" என்று உறவு கொண்டாடி வந்து, சில அடி தூரத்தில் ஸ்ரீநிவாசம் வளாகத்தில் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி வழங்கும் தரிசன டோக்கனைத் தாம் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகன் எவனோ, அவனே இதற்குப் பூரண உதாரணம். கடுகடுத்த முகத்தோடு கூடுதல் வாடகை கேட்கும் ஆட்டோக்காரர் பேராசைக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் எந்தத் தோலையும் போர்த்திக்கொள்ளவில்லை.

இரண்டாவது, இனம் பிரித்தல். 'ஸ்நேக் இன் த கிராஸ்' என்னும் புல்லில் மறைந்த பாம்பு, லத்தீன் கவி வர்ஜிலின் முல்லைநிலப் பாடல்களில் காணப்படும் பழைய உருவகம். அது வேஷம் போடுவதில்லை, பதுங்கியிருக்கிறது. எனவே கூடவே இருந்து காட்டிக்கொடுத்தவனுக்கு அது பொருந்தும். முதலைக் கண்ணீர் என்பதோ ஆளைக் குறிப்பதன்று, அவனது அழுகையை மட்டும் குறிப்பது. திருவள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என்ற அதிகாரத்தில் காட்டும் பிராணி இன்னும் ரஸமானது: அங்கே பசுதான் புலித்தோல் போர்த்துக்கொண்டு மேய்கிறது. மனத்தை அடக்கும் வலிமையின்றித் தவக்கோலம் மாத்திரம் பூண்டவனுக்கு அது தக்கது. அவனை ஓநாய் என்பது, என் அபிப்பிராயத்தில், அவனுக்கு இல்லாத பராக்கிரமத்தை அளிப்பதாகும்.

மூன்றாவதாகக் கேட்போரைக் கவனிக்க வேண்டும். தெலுங்கரிடம் ஓநாயையும் ஆட்டையும் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பசுமுகப் புலி என்று பொருள்படும் 'கோமுக வியாக்ரம்' என்றால் போதும். தமிழரிடம் பசுத்தோல் போர்த்த புலி என்க. பக்தி வேஷக்காரனுக்கு 'ருத்திராட்சப் பூனை'யே உத்தமம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், எலிகள் சூழ, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரியும் பூனையை ஒருமுறை கண்டவருக்கு வியாக்கியானம் தேவைப்படாது.

நான்காவது, ஆங்கில வாக்கியத்தை அமைத்தல். வேஷம் கலைந்த பின்னரே உண்மை தெரியுமாதலால், 'ஹி டர்ன்ட் அவுட் டு பி' என்று தொடங்கி, அதன்பின் இத்தொடரை வைப்பது இயல்பு. பலரைக் குறிக்கையில் 'உல்வ்ஸ்' என்று ஓநாய்கள் மட்டும் பன்மையாகும். 'கிளோதிங்' அப்படியே நிற்கும். நம் மாணவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இதுவே.

நேருக்கு நேர் சொல்வதை அறவே தவிர்ப்பது நலம். சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், வழக்குடையோர் ஸ்நானம் செய்து வரசித்தி விநாயகர் சந்நிதியில் பிரமாணம் செய்யும் வழக்கம் உண்டாதலால், "காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்கிறாயா?" என்ற ஒரு கேள்வி இந்தச் சீமையில் பத்து உருவகங்களின் வேலையைச் செய்துவிடும். போலீசுக்கோ தேவஸ்தானத்தின் விஜிலென்ஸ் பிரிவுக்கோ எழுதும் புகாரிலும் ஓநாய், புலி, பூனை ஒன்றும் வேண்டாம். தேதி, இடம், கொடுத்த தொகை, அவன் உரைத்த சொற்கள் ஆகியவற்றை உள்ளபடி எழுதிக் கையொப்பமிடுக.