சாலைக் காவலும் போக்குவரத்துப் பாதுகாப்பும்: முக்கியக் குறிப்புகள்

(காவல் உதவி ஆய்வாளர், குரூப் 1, குரூப் 2 தேர்வர்களுக்கு)

சாலைக் காவல் என்றதும் ஹெல்மெட்டும் அபராதச் சீட்டும்தான் பலருக்கும் நினைவு வரும். ஆனால் திருட்டு வண்டியானாலும், போலி எண் மாட்டிய காரானாலும், வெடிபொருள் ஏற்றிய வேனானாலும் ஓடியாக வேண்டியது சாலையில்தான். நாட்டின் பெரிய வழக்குகள் சிலவற்றில் முதல் பிடி கிடைத்தது ஒரு பதிவெண்ணிலோ வாகனத் தணிக்கையிலோதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே வரும் பிரிவு எண்களைத் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை.

1. அடிப்படை

- ‘பாதுகாப்பு’ என்ற சொல் தமிழில் இரண்டு பொருள் தரும். விபத்திலிருந்து காப்பது ஒன்று. சதி, கடத்தல், கொள்ளை ஆகியவற்றிலிருந்து காப்பது மற்றொன்று. சாலைக் காவல் இரண்டையும் சேர்த்தே செய்கிறது. விடையில் இந்த வேறுபாட்டை முதலிலேயே எழுதுங்கள்.
- அரசமைப்பின் 7ஆம் அட்டவணை: பொது ஒழுங்கு, காவல் ஆகியவை மாநிலப் பட்டியல் (பதிவுகள் 1, 2). தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றியப் பட்டியல் (பதிவு 23). இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியல் (பதிவு 35).
- ஆகவே தேசிய நெடுஞ்சாலை ஒன்றியத்துடையது. அதில் ரோந்து போவது மாநிலக் காவல்.

2. நினைவில் நிறுத்த வேண்டிய நிகழ்வுகள்

- 1993 மார்ச் 12, மும்பை: 12 தொடர் குண்டுவெடிப்புகள், 257 பேர் பலி. வொர்லியில் கைவிடப்பட்டுக் கிடந்த மாருதி வேனின் பதிவு விவரமே காவல்துறையைச் சதியில் தொடர்புடைய மேமன் குடும்பத்தை நோக்கி அழைத்துச் சென்றது.
- 1995 ஏப்ரல் 19, ஓக்லஹோமா (அமெரிக்கா): லாரிக் குண்டு, 168 பேர் பலி. வெடித்து ஏறக்குறைய 90 நிமிடங்களில், பதிவெண் பலகை இல்லாமல் சென்ற காரை நெடுஞ்சாலைக் காவலர் சார்லி ஹேங்கர் நிறுத்தினார். உள்ளே இருந்தவர் டிமதி மெக்வே, அந்தக் குண்டை வைத்தவர்.
- 2001 டிசம்பர் 13, நாடாளுமன்றத் தாக்குதல்: ஐந்து பயங்கரவாதிகள் வந்தது வெள்ளை அம்பாசடர் காரில். மேலே சிவப்புச் சுழல்விளக்கு, கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கர். எச்சரிக்கைக் குரல் எழுப்பி உயிர்நீத்த சிஆர்பிஎஃப் காவலர் கமலேஷ் குமாரிக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது.
- 2008 நவம்பர் 26, மும்பை: பயங்கரவாதிகள் பறித்துச் சென்ற ஸ்கோடா காரைப் பற்றி வயர்லெஸ்ஸில் தகவல் பறந்தது. கிர்காவ் சௌபாத்தியில் தடுப்பு வைத்து நின்ற காவலர்கள் அதை மறித்தனர். உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, சுடும் துப்பாக்கியின் குழலைக் கையால் பற்றிக்கொண்டு உயிர் கொடுத்தார்; காரில் இருந்த பயங்கரவாதி அஜ்மல் கசாப் உயிருடன் பிடிபட்டான். ஓம்ப்ளேவுக்கு அசோக சக்ரா: 2009.

3. மோட்டார் வாகனச் சட்டம், 1988

(நடைமுறை: 1989 ஜூலை 1. பெருந்திருத்தம்: 2019, அதன் பெரும்பகுதி 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறை.)

- பிரிவு 39: பதிவு செய்யாத வாகனம் பொது இடத்தில் ஓடக் கூடாது.
- பிரிவு 130: சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் வழியாகக் காட்டினாலும் செல்லும்.
- பிரிவு 133: குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநர் யார் என்ற விவரத்தை வாகன உரிமையாளர் தர வேண்டும். வாகனத்திலிருந்து ஆளைத் தேடிச் செல்லும் சட்ட வழி இது.
- பிரிவு 134ஏ: விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு.
- பிரிவு 197: உரிமையாளர் அனுமதியின்றி வாகனத்தை எடுத்துச் செல்லுதல்.
- பிரிவு 202: 184 (ஆபத்தாக ஓட்டுதல்), 185 (குடித்துவிட்டு ஓட்டுதல்), 197 ஆகிய குற்றங்களைத் தம் கண்ணெதிரே செய்பவரைச் சீருடைக் காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம்.
- பிரிவு 206: பதிவெண்ணோ ஆவணமோ போலி என நம்பக் காரணம் இருந்தால் அதைப் பறிமுதல் செய்யலாம்.
- பிரிவு 207: பதிவு, உரிமம், பர்மிட் இல்லாமல் ஓடும் வாகனத்தைப் பிடித்து வைக்கலாம்.

4. வண்டியின் அடையாளம்

மேலே கண்ட நிகழ்வுகளையும் கீழே உள்ள விதிகளையும் இணைத்துப் பாருங்கள். போலி அடையாளத்துக்கு இடம் தராமல் இருப்பதே இவ்விதிகளின் பொதுப் பயன்.

- உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை (மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 50): அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரால் பொறித்த தனி எண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்கள் இதனுடனேயே விற்கப்படுகின்றன.
- கறுப்பு ஃபிலிம்: அவிஷேக் கோயங்கா வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. கண்ணாடியே தர வேண்டிய ஒளி ஊடுருவல் முன்னும் பின்னும் குறைந்தது 70%, பக்கவாட்டில் 50% (விதி 100).
- சுழல்விளக்கு: 2017 மே 1 முதல் முக்கியப் பிரமுகர் வாகனங்களில் நீக்கம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற அவசரப் பணி வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி.

5. சரக்கும் பயணிகளும்

- அபாயகரமான சரக்கு: விதிகள் 129 முதல் 137 வரை. டேங்கர் லாரியில் நாம் காணும் அவசரத் தகவல் பலகை விதி 134. ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி தேவை என்பது விதி 9.
- அதிக பாரம்: பிரிவு 194; அபராதம் 20,000 ரூபாய், அத்துடன் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய்.
- இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும்: விதி 125எச். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, டாக்சி போன்ற பொதுச் சேவை வாகனங்களுக்கு. இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்கு விலக்கு.

6. கேமராவும் தரவுத்தளமும்

- பிரிவு 136ஏ (2019 திருத்தம்), விதி 167ஏ (2021): வேகக் கேமரா, பதிவெண்ணைத் தானே படிக்கும் கேமரா, காவலர் உடலில் அணியும் கேமரா வழியாகக் கண்காணிப்பு.
- வாஹன்: வாகனப் பதிவுத் தரவு. சாரதி: ஓட்டுநர் உரிமத் தரவு. சிசிடிஎன்எஸ்: காவல் நிலையங்களை இணைக்கும் குற்றத் தரவு வலையமைப்பு (ஒப்புதல்: 2009).
- ஃபாஸ்டேக்: 2021 பிப்ரவரி 15/16 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயம்.
- எதிர்ப்பக்கம்: கேமரா பெருகும் இடத்தில் தனியுரிமைக் கேள்வியும் எழும். தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கை (2017, ஒன்பது நீதிபதிகள் அமர்வு) முதன்மைத் தேர்வு விடையில் மறக்காதீர்கள்.

7. விபத்துத் தடுப்பு: எண்களில் (2022)

- இந்தியா: 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிரிழப்புகள்.
- தமிழ்நாடு: 64,105 விபத்துகள் (நாட்டில் முதலிடம்), 17,884 உயிரிழப்புகள் (உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து).
- முதன்மைக் காரணம்: அதிவேகம், விபத்துகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல்.
- மது அளவு வரம்பு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் (பிரிவு 185).
- ஐ.நா. சாலைப் பாதுகாப்புப் பத்தாண்டு: 2021–2030, இலக்கு, உயிரிழப்பைப் பாதியாகக் குறைத்தல்.
- உதவி எண்கள்: 112 (அவசரம்), 108 (ஆம்புலன்ஸ்), 1033 (தேசிய நெடுஞ்சாலை).

8. விடை எழுதும்போது

“சாலைக் காவல் வெறும் அபராத வசூலா?” என்று கேட்டால் மூன்று படிகளில் எழுதுங்கள்: அடையாளம் (பதிவெண், ஆவணம்), தடுத்தல் (தணிக்கை, ரோந்து), துப்பு (பதிவு விவரம், கேமரா). ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவும் ஒரு நிகழ்வும் போதும். தணிக்கை ஆளைப் பார்த்துச் செய்வதாக இருக்கக் கூடாது. விதியைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே மரியாதையுடன் நடக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மக்கள் நம்பினால்தான் சந்தேக வண்டியைப் பற்றிய தகவல் காவல் நிலையத்துக்கு வரும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் நாளை சீருடை அணிந்து நள்ளிரவில் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். நூறு வண்டிகளில் எதுவும் இருக்காது; நூற்றியோராவது வண்டியையும் அதே கவனத்தோடு நிறுத்திப் பாருங்கள். சௌபாத்தியில் ஓம்ப்ளே நின்றது இத்தகைய ஒரு தடுப்பில்தான்.