கருங்காய்க்கு ஓர் உறுதியான அரண்

சதுரங்கத்தில் கருங்காய் வந்துற்றால் தோல்வியே என்று சோர்வார் நம் மாணவருள் பலர். பண்ருட்டியில் பலாப்பழம் அறுப்போர் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வர்; சுளைமேல் ஆசையால் அதனை மறந்தார் கையில் பாலே ஒட்டும். கருங்காய் ஆடுவோர்க்கும் அத்தகைய முன்னேற்பாடு ஒன்றுண்டு. அதுவே காரோ-கான் தற்காப்பு. ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1886-இல் வெளியிட்டமையின் இப்பெயர் பெற்றது.

வெள்ளை, தன் அரசன் முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்துகிறது என்க. நாம் உடனே அரசியின் காலாளை இரு கட்டம் செலுத்தி எதிர்ப்பின், வெள்ளை அதனை வெட்டும். அரசியைக் கொண்டு மீட்போமாயின், குதிரை பாய்ந்து அவளை விரட்டும். ஆதலின் முதலில், அரசியை அடுத்த மந்திரியின் காலாளை ஒரு கட்டம் நகர்த்துக. வெள்ளையும் தன் அரசியின் காலாளை இரு கட்டம் செலுத்தும். இப்பொழுது நம் அரசியின் காலாள் செல்க. வெட்டு நேரின், காலாளே மீட்கும், அரசி அசையவேண்டுவதில்லை.

அரசனின் காலாளை ஒரு கட்டம் நகர்த்தியும் இவ்வுதவியைப் பெறலாகாதோ எனின், பெறலாம். அது பிரெஞ்சுத் தற்காப்பு. ஆயின் அங்கு அரசியை அடுத்த மந்திரியின் வழி அடைபடும். இங்கோ வழி திறந்துள்ளது. வெள்ளை குதிரையால் தன் காலாளைக் காப்பின், நாம் அக்காலாளை வெட்டுக. குதிரை திரும்ப வெட்டியதும், மந்திரியை வெளிக்கொணர்ந்து அதனைத் தாக்குக. மந்திரி வெளிவந்த பின்னரே அரசனின் காலாளை ஒரு கட்டம் நகர்த்துக. இவ்வரிசை பிறழின் பயன் கெடும்.

இதற்கு விலையும் உண்டு. வெள்ளைக்கு இடம் மிகும். நம் குதிரை இயல்பாக இறங்கும் கட்டத்தில் காலாள் நிற்கும். பொறுமையற்றார்க்கு இது பொருந்தாது.

இவ்வரணின் உறுதியை நம் தலைநகரே கண்டது. 2013 நவம்பரில் சென்னையில் உலகப் பட்டப் போட்டி நடைபெற்றது. பட்டத்தைக் காக்க நின்றார் விசுவநாதன் ஆனந்த். எதிர்த்தவர் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன். 10-ஆம் நாள் இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்த் வெண்காய் கொண்டு அரசனின் காலாளைச் செலுத்த, கார்ல்சன் மேற்கூறிய வரிசையிலேயே ஆடினார். அரசியர் இருவரும் களம் நீங்கினர். 25-ஆம் நகர்வில் ஆட்டம் சமனாயிற்று. சொந்த ஊரில், முதல் நகர்வு வாய்த்தும், ஆனந்துக்கு வெற்றி கிட்டவில்லை. பின்னர்ப் பிற ஆட்டங்களில் வென்று, 6½–3½ என்னும் கணக்கில் கார்ல்சன் பட்டம் பெற்றார்.

ஆதலின் விடுதியில் பலகை விரிக்கும் நம் மாணவர், கருங்காய் கண்டு மனஞ்சோராது, இம்முதல் ஐந்து நகர்வுகளைக் காரணத்தோடு பழகுவாராக.