சோலோவுக்குப் போகும் மிருதங்கக்காரத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜாவாவின் சோலோ நகரத்தில் கேமலான் குழுவின் மத்தளமான கெண்டாங் கற்கப் போகிறாய் என்று கேட்டதில் மகிழ்ச்சி. பாஷை மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும், இனிப்புச் சாப்பாடும் பழகிவிடும். கடிகாரம்தான் உன்னைப் படுத்தும்.

ஒத்திகை எப்போது என்று கேட்டால் ‘இஷா தொழுகைக்கு அப்புறம்’ என்பார்கள். இஷா ஏழு மணியை ஒட்டி வரும். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு போவாய். மண்டபத்தில் பாய் விரிக்கிற பையன் மட்டும் இருப்பான். எட்டரைக்கு ஒருவர் கிராம்புச் சிகரெட்டோடு வருவார். தேநீர் வரும், குசலம் நடக்கும், ஒன்பதுக்கு மேல் முதல் கோங் விழும். ‘ரப்பர் நேரம்’ என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். சேர்ந்து சிரி; நீயாக அந்தப் பேச்சை எடுக்காதே.

டிசம்பர் சபாக்களில் அடுத்த கோஷ்டி பக்கத்தில் வந்து நிற்கும்போது தனியாவர்த்தனத்தைச் சுருக்கி முடித்துப் பழகியவன் நீ. உனக்கு இது பொறுப்பின்மையாகத் தோன்றும். வாசிக்க உட்காரும்வரை தீர்ப்பு சொல்லாதே.

நம் ஆவர்த்தனத்தில் கனமெல்லாம் சமத்தில், அதாவது தொடக்கத்தில். அங்கே பெரிய கோங் சுற்றின் முடிவில் விழுகிறது. அத்தனை பேரும் அதை நோக்கித்தான் நகர்கிறார்கள். நடுவில் கெண்டாங்காரர் வேகத்தைத் தளர்த்துவார். மூல மெட்டின் ஸ்வரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விலகிய இடத்தைப் பொனாங், கெண்டேர் போன்ற வாத்தியங்கள் இருமடங்கு அடர்த்தியில் நிரப்பும். எடுத்த காலப்பிரமாணத்தைக் கடைசிவரை காப்பாற்றுவது நாம் கற்ற வித்தை. அங்கே காலம் இழுபடும்போது கூட்டமே ஒன்றாக இழுபட வேண்டும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். கடைசிக் கோங்கை ஒரு கணம் தாமதித்தே அடிப்பார்கள். முந்தி விழுந்தால் பிசகு. இவ்வளவு கறாரான லயத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நாள் பார்ப்பதிலும் அப்படித்தான். ஏழு நாள் வாரத்தோடு லெகி, பஹிங், போன், வாகே, க்லிவோன் என்று ஐந்து நாள் வாரமும் ஓடுகிறது. அதே ஜோடி 35 நாளுக்கு ஒருமுறை திரும்பும். கல்யாணத்துக்கு அதைப் பார்க்காமல் பலர் நாள் குறிப்பதில்லை. ஜாவா ஆண்டின் முதல் மாதமான சுரோ பிறக்கும் இரவில் சோலோ அரண்மனை ஊர்வலம் கிளம்பும். இரவு மாறாது, ஆனால் முன்னே நடக்கும் வெள்ளெருமைகள் மனசு வைத்துக் கொட்டிலை விட்டு வந்தால்தான் புறப்பாடு. நள்ளிரவு தாண்டியும் ஊரே தெருவில் நிற்கும்.

ஆகவே, பெரிய மனசோடு பொறுத்துக்கொள்பவனைப் போல உட்கார்ந்திருக்காதே. ஆளில்லாத சாரோன் வாத்தியம் ஒன்றின் முன்னால் போய் உட்கார்ந்து தட்டிக்கொண்டிரு. மூத்தவர்கள் பக்கத்தில் வந்து குந்தி, வகுப்பில் சொல்லாததைச் சொல்வது அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான். ஒத்திகை இருக்கிற இரவில் வேறு வேலை ஒப்புக்கொள்ளாதே. அவர்கள் தாமதிக்கிறார்களே என்று நீயும் தாமதிக்காதே. முந்தி வருகிற மாணவனை அங்கேயும் கவனிக்கிறார்கள்.

இன்னொன்று. ரப்பர் நேரம் எல்லாவற்றுக்கும் இல்லை. சோலோ பாலாப்பான் நிலையத்தில் ரயில் சொன்ன நிமிடத்தில் கிளம்பிவிடும். தங்கும் அனுமதி முடிகிற தேதியையும் சுவரில் எழுதி வை. கடந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். 60 நாளைத் தாண்டினால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்