உயரம் என்னும் சேமிப்பு

1971 நவம்பர் 22 அன்று, வங்க எல்லையிலுள்ள போய்ரா வானில் இந்தியாவின் நான்கு ‘நாட்’ விமானங்கள் பாகிஸ்தானின் ‘சேபர்’ விமானங்களை எதிர்த்தன. இரண்டு சேபர்கள் வீழ்ந்தன.

சேபர் அமெரிக்க வடிவமைப்பு. அதையே சற்று மாற்றி, ‘ப்யூரி’ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையும் பயன்படுத்தியது. குறைந்த வேகத்தில் சேபர் குறுகிய வட்டத்தில் திரும்பும். நாட் விமானமோ உருவில் சிறியது, எளிதில் கண்ணில் படாது, விரைந்து மேலேறும். ஆகவே, வட்டமிடும் போட்டியில் சிக்காமல் உயரத்தைப் பயன்படுத்துவதே அதற்கு ஏற்ற உத்தி.

இதன் இயற்பியலை நம் குற்றால அருவியிலேயே காணலாம். உச்சியில் நீருக்கு நிலையாற்றல். விழும்போது அதுவே இயக்க ஆற்றல். விமானமும் ஏறும்போது வேகத்தை உயரமாகச் சேமிக்கிறது, பாயும்போது செலவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். தேர்வுக்காக மனனம் செய்த வாய்பாடு, வானில் ஒருவர் உயிரைக் காக்கும் என்பதை இப்போர்தான் எனக்குப் புரியவைத்தது.