கோட்டுருவில் காண்பதும் காணாததும்

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்டு உறவுகளைக் காட்டும் படம் கோட்டுரு எனப்படும். அப்புள்ளிகளைக் கணுக்கள் என்பர். கெஃபி, சைட்டோஸ்கேப் முதலிய மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான கணுக்களையும் திரையில் வரைந்து தருகின்றன. சுட்டியின் உருளையைச் சுழற்றினால் படம் பெரிதாகும் அல்லது சிறிதாகும். பிடித்து இழுத்தால் நகரும்.

தமிழக இருப்புப்பாதைகளை இவ்வாறு வரைவதாகக் கொள்வோம். திண்டுக்கல் கணுவை மட்டும் பெரிதாக்கினால், திருச்சிராப்பள்ளி, கரூர், மதுரை, பழனி ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் நான்கு கோடுகள் தெரியும். படத்தைச் சற்றே சிறிதாக்கினால், திருச்சிராப்பள்ளியும் கரூரும் தமக்குள் இணைந்திருப்பது புலனாகும். மூன்று ஊர்களும் ஒரு முக்கோணமாக அமைகின்றன. ஆகவே, திண்டுக்கல்லுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலான பாதை தடைப்பட்டாலும் கரூர் வழியே செல்ல இயலும். ஒரு கணுவை மட்டுமே நோக்குவோர்க்கு இம்மாற்றுவழி புலப்படாது. இதனாலேயே, முதலில் முழுமை, அடுத்துப் பெரிதாக்கலும் வடிகட்டலும், பின்னர் வேண்டிய விவரம் என்னும் வரிசையை அமெரிக்கக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1996ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார்.

பெரிதாக்கலுக்கும் எல்லை உண்டு. பெரிய நிலையங்களை மட்டுமே தரவாகக் கொடுத்திருந்தால், திண்டுக்கல்லை அடுத்துள்ள அகரம் என்னும் பேரூர் எத்துணை பெரிதாக்கினாலும் தோன்றாது. மென்பொருள் தன்னிடம் உள்ளதையே காட்டும். படத்தில் இல்லாத ஊர் நிலத்திலும் இல்லை எனக் கொள்வது பிழை. அவ்வூரைக் காண விழைவோர் உருளையைச் சுழற்றிப் பயனில்லை. தரவில் அதனைச் சேர்த்தல் வேண்டும்.